முதல் கிண்ணம்

தரையைச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள், அதுவும் எனக்குக் கோபமாகத்தான் வருகிறது. வெளியே மார்ச் மாதத்துக் குளிர், கூரை ஓட்டில் இன்னும் உறைபனி. யாரோ விடியுமுன் எழுந்து, அடுப்பில் விறகு தள்ளி, இந்தப் பக்கத்து அறையின் தரைக்கு அடியில் சூடு ஓடும்படி செய்து, பட்டு மெத்தை போட்டு, பார்லித் தண்ணீர் வைத்து, கதவையும் பதமாகச் சாத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். குறை சொல்ல இடமே வைக்கவில்லை. நாளைக்கு யாராவது கேட்டால், குன்சுவுக்கு நாங்கள் என்ன மரியாதைக் குறைவு செய்தோம் என்று கேட்பார்கள். குன்சு என்றால் மாவட்டத்தின் தலைவர். நான்தான் குன்சு. சியோலிலிருந்து உத்தரவு வந்து மூன்று மாதம் ஆகிறது, உத்தரவில் என் பெயர் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, கார் இருக்கிறது, காரின் முன்னால் சின்னக் கொடிகூட இருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு முறை இந்தக் கன்பூசியஸ் கோயிலில் வழிபாடு நடக்கும். ஞானியின் பெயர்ப் பலகைக்கு முன்னால் முதல் கிண்ணம் மது வைப்பது குன்சுவின் கடமை. அறுநூறு வருஷமாக யார் குன்சுவோ அவர்தான் வைக்கிறார். அறுநூறு வருஷமாக அவர் ஆணாகவே இருந்து தொலைத்திருக்கிறார். உள்வாசலை எந்தப் பெண்ணும் தாண்டியதில்லை. அதனால் எதிர் மண்டபத்தில் பதினோரு கிழவர்கள் சம்மணமிட்டு உட்கார்ந்து என்னை என்ன செய்யலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள், நான் இங்கே சூடான தரையில் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

துணைக் குன்சு கூ சாங்-மோ இரண்டு முறை வந்துவிட்டுப் போனார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கதவோரத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து, "மேடம், இந்த ஒரு தடவை மட்டும்" என்றார். "முதல் கிண்ணத்தை நான் வைச்சிடறேன். அறிக்கையில உங்க பேர்தான் இருக்கும். அடுத்த வழிபாட்டுக்குள்ள பெரியவங்ககிட்ட பக்குவமாப் பேசிச் சரி பண்ணிடலாம்." அவர் பேசப் பேச நான் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலில் புது வெள்ளைக் காலுறை, சடங்குக்கென்று அளவெடுத்துத் தைக்கிற துணிக் காலுறை. தைக்க இரண்டு நாளாவது ஆகியிருக்கும். என்னிடம் கேட்டது இன்று காலையில். இரண்டு நாளாக இந்த மனிதர் என் மேஜைக்கு எதிரே நின்று கோப்புகளை நீட்டி, சரிங்க மேடம், ஆகட்டுங்க மேடம் என்று சொல்லிக்கொண்டே, எங்கோ ஒரு தையல்காரியிடம் பாதத்தை நீட்டியிருக்கிறார். இந்த ஒரு தடவை. பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி அது நிற்கிறது, நாக்கு திரும்பத் திரும்ப அங்கேயே போகிறது. இதை என்னிடம் முதலில் சொன்னது யார்? இருபது வயது, ஊராட்சி அலுவலகத்தில் முதல் நாள், பரீட்சையில் மாகாணத்திலேயே இரண்டாவதாக வந்தவள், அக்காவின் பாவாடையை இடுப்பில் மடித்துக் கட்டிக்கொண்டு போய் நிற்கிறேன். "மிஸ் பியோன், காப்பி போடற பொண்ணு இன்னிக்கு வரலை. இந்த ஒரு தடவை மட்டும் போட்டுக் குடுத்துடேன்" என்றார் தலைவர். காப்பி போடுகிற பெண் மறுநாளும் வரவில்லை. அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை. ஒன்பது வருஷம் போட்டேன். யாருக்கு எத்தனை கரண்டி சர்க்கரை என்று இப்போது எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதில் நாலு பேர் செத்துவிட்டார்கள், சர்க்கரை மட்டும் என் தலையில் நிற்கிறது.

என்ன சொல்வது இவர்களிடம். ஐயா, அரசாங்கம் என்னை நியமித்திருக்கிறது... வேண்டாம், அரசாங்கத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறாள் என்பார்கள். ஐயா, ஞானி கன்பூசியஸுக்கும் ஒரு தாய் இருந்தாள்... ஐயோ, பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டி. ஐயா, நான்... ஐயா, நான்... இந்த இரண்டு வார்த்தைக்கு அப்பால் வாக்கியம் நகரவே மாட்டேன் என்கிறது. நகராமல் இருப்பதே நல்லது. எனக்குக் கோபம் வந்தால் கண்ணில் தண்ணீர் வரும். அழுகை இல்லை, கோபம்தான், ஆனால் வழி அதுதான், என் உடம்பில் வேறு வழி வைக்கவில்லை. மாகாணக் கூட்டத்தில் ஒரு தடவை அப்படி ஆகிவிட்டது. வெள்ளத்தில் போன பாலத்துக்காக நான் நாலு மாதம் உழைத்து எழுதிய திட்டத்தை ஒருத்தன் தன்னுடையது என்று வாசிக்கிறான், நான் எழுந்து மறுக்கிறேன், குரல் சரியாக இருக்கிறது, கணக்கு சரியாக இருக்கிறது, கன்னத்தில் மட்டும் தண்ணீர். உடனே எல்லாருக்கும் மனம் இளகிவிட்டது. பாவம், களைச்சுப் போயிருக்காங்க, உட்காருங்க என்றார்கள். யாரோ கைக்குட்டை கொடுத்தார்கள். பாலம் அவன் பெயரில் நிற்கிறது. அன்றிலிருந்து பேசும்போது இடது கட்டைவிரலில் நகத்தை அழுத்திக்கொள்வேன். வலி ஒரு பக்கம் இழுத்தால் தண்ணீர் மறு பக்கம் நின்றுவிடும். பதவி உயர்வு தள்ளிப்போன ஒவ்வொரு முறையும் அழுத்தினேன், இந்த ஒரு தடவை மட்டும் பொறுத்துக்கோம்மா, அவனுக்கு மூணு குழந்தை, உனக்கென்ன தனிக்கட்டை. ஆமாம், தனிக்கட்டை. வீட்டுக்குப் போனால் சோறு போட யாரும் இல்லாத தனிக்கட்டை, அதனால் பசியும் இருக்காது என்று நினைத்தார்களோ என்னவோ. இப்போது பயமாக இருக்கிறது. அந்தக் கிழவர்கள் முன்னால் கண்ணில் ஒரு சொட்டு வந்துவிட்டால் போதும், எனக்குப் பிறகு இந்தக் கதவுக்கு வரப்போகிற எல்லாப் பெண்ணும் அந்தச் சொட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

காகிதக் கதவுக்கு அப்பால் சமையல்கட்டு. தண்ணீர் ஊற்றும் சத்தம், கத்தி, பெண்கள் பேச்சு. படையலை முழுக்கத் தயார் செய்வது பெண்கள்தான், பச்சைப் பன்றித்தலையை மழித்துக் கழுவுவதிலிருந்து இலந்தைப் பழத்தைத் துடைத்து அடுக்குவது வரை. உள்வாசல்வரை தூக்கிக்கொண்டு வருவார்கள், அங்கே ஆண்கள் வாங்கிக்கொள்வார்கள். பன்றி உள்ளே போகலாம். "துடைச்சது போதும்டி, தோல் பிஞ்சு வருது பாரு" என்று ஒரு குரல் கேட்டது, எனக்கு முதுகுத்தண்டு நிமிர்ந்துவிட்டது. கில்-ரியே. இருபது வருஷமாகிறது, குரல் தடித்திருக்கிறது, ஆனால் வாக்கியத்தின் கடைசியை அப்படி அறுத்துப் போடுவது அவள்தான். இந்த மாவட்டத்துக்குத் திரும்ப வரும்போதே தெரியும், எங்கேயாவது எதிரே வருவாள் என்று. அப்போது குடும்பக் கட்டுப்பாடு வேகமாக நடந்துகொண்டிருந்த காலம். எங்கள் ஊராட்சிக்கு அந்த வருஷம் நாற்பது பெண்களுக்கு ஆபரேஷன் என்று இலக்கு. பெண்களிடம் பேசப் பெண் வேண்டுமே, அதனால் அதை மட்டும் எனக்குக் கொடுத்தார்கள். சைக்கிளில் வீடு வீடாகப் போனேன். முப்பத்தொன்பது சேர்ந்துவிட்டது, ஒன்று குறைகிறது. கில்-ரியேவுக்கு இருபத்தாறு வயது, எனக்கு இரண்டு வயது இளையவள், அக்கா அக்கா என்பாள். மூன்று பெண் குழந்தைகள், மூன்றாவது முதுகில் தூங்குகிறது. பிரசவத்தில் செத்துப் பிழைத்திருந்தாள், இன்னொன்று வேண்டாம் என்று அவளுக்கும் இருந்தது, ஆனால் மாமியார் பையன் வேண்டும் என்கிறாள், புருஷன் வாயைத் திறக்கவில்லை. கிணற்றடியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "பெண்ணும் பிள்ளைதான். எந்த விதத்துல குறைச்சல்? என்னைப் பார்." என்னைப் பார் என்றேன். அவள் பார்த்தாள். மேலதிகாரி இல்லாத நாளில் மட்டும் சட்டைப்பையில் பேனா குத்திக்கொண்டு நிற்கிற ஒருத்தி. பார்த்துவிட்டு, சரி என்றாள். நாற்பது. எனக்குப் பாராட்டுப் பத்திரம் வந்தது, அதன் பின்னாலேயே பதவியும் வந்தது, மாவட்டத்தின் முதல் பெண் பிரிவுத் தலைவர், செய்தித்தாளில் ஒரு விரலளவு படம். கில்-ரியேவின் புருஷன் இரண்டு வருஷத்தில் வேறொருத்தியைக் கூட்டி வந்து வைத்தான். அவள் இரண்டு பையன் பெற்றாள். கில்-ரியே மூன்று பெண்களோடு பின்கட்டு அறைக்குப் போனாள் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்ட அன்று நான் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அப்புறம் எனக்கு மாற்றல் வந்துவிட்டது. மாற்றல் ஒரு நல்ல விஷயம், அரசாங்கம் அதைக் கண்டுபிடித்தவருக்குக் கோயில் கட்டலாம்.

கதவு திறந்தது. பெரியவர் யூ வந்திருக்கிறார், இந்தக் கோயிலின் தலைவர், எண்பது வயது, பின்னால் கூ சாங்-மோ. பெரியவர் என்னைக் கூப்பிடுவதில்லை, மேடம் என்றோ குன்சு என்றோ எதுவும் இல்லை, என் தலைக்கு மேலே சுவரைப் பார்த்துப் பேசுவார். "அங்கியும் தொப்பியும் போட்டாச்சுன்னா அங்க ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. பதவிதான் நிக்குது. பதவி உள்ளே வரலாம்னு முடிவு பண்ணியிருக்கோம்" என்றார். கூ சாங்-மோ பெருமூச்சு விட்டார், நல்ல மனிதர், எனக்காகச் சந்தோஷப்படுகிறார், காலுறை வீணானாலும். நானும் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் அப்போது ஏறியது மாதிரி இன்று முழுக்க எனக்குக் கோபம் ஏறவில்லை, ஏனென்றால் கிழவர் சொன்னது எனக்குப் புதிதில்லை. இருபத்தெட்டு வருஷமாகக் கண்ணாடி முன்னால் நான் எனக்கே சொல்லிக்கொண்டதுதான். இங்கே பெண் இல்லை, பதவிதான் நிற்கிறது. கிணற்றடியில் அவள் கையைப் பிடித்ததும் அந்தப் பதவிதான். "பிரார்த்தனைத் தாள்ல எப்படி எழுதியிருக்கீங்க?" என்று கேட்டேன். கிண்ணம் வைக்கும்போது ஒருவர் அதை உரக்க வாசிப்பார், இன்னார் பணிந்து படைக்கிறேன் என்று. "குன்சுன்னு எழுதியிருக்கு." "போன தடவை?" "அப்ப இருந்தவர் பேரோட." "அப்ப இப்ப இருக்கிறவர் பேரையும் எழுதுங்க." பெரியவர் முதல் தடவையாகச் சுவரிலிருந்து பார்வையை இறக்கினார். "அந்தப் பேர்..." என்று இழுத்தார். என் பெயர் பியோன் மால்-சுன். மால் என்றால் கடைசி. நாலாவதாகவும் பெண் பிறந்தால், இதோடு போதும் என்று வைக்கிற பெயர், ஊருக்கு ஒருத்தி இருப்பாள். "ஞானிகள் முன்னால வாசிக்கிற பேரா அது" என்றார். வாக்கியம் தானாக வந்தது, ஐயா என்றுகூட ஆரம்பிக்கவில்லை. "எங்கப்பா படிப்பு இல்லாதவர். இந்தக் கோயில்ல வந்துதான் எழுத்துத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட பேர் கேட்டார். அந்த எழுத்தை எழுதிக் குடுத்தது நீங்க. இதை வைச்சா அடுத்தது பையன்னு சொன்னீங்களாம்." கட்டைவிரலில் நகம் இறங்கிவிட்டது. கிழவர் வெகுநேரம் யோசித்தார், உண்மையாகவே நினைவுபடுத்திப் பார்க்கிறார் என்று தெரிந்தது, அந்த நேர்மை இன்னும் எரிச்சலாக இருந்தது. "பிறந்தானா?" என்று கேட்டார். "இல்லை. இன்னும் ரெண்டு பெண்." அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். மை அரைக்க நேரம் ஆகும் என்றார். காத்திருக்கிறேன் என்றேன்.

அங்கியைக் கொண்டுவந்தவள் கில்-ரியே. ஆறடி ஆணுக்குத் தைத்த கறுப்பு அங்கி, என் காலைத் தாண்டித் தரையில் புரண்டது, அதை மடித்து ஊசி போட ஒரு பெண் வேண்டியிருந்தது. உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். தலை பாதி நரைத்திருக்கிறது, கையில் பன்றிக் கொழுப்பின் வாடை, எவ்வளவு கழுவினாலும் போகாதது. "கையைத் தூக்குங்க" என்றாள். தூக்கினேன். இடுப்பைச் சுற்றித் துணியை மடித்து, வாயில் நாலு ஊசியைக் கவ்விக்கொண்டு, முட்டிபோட்டு வேலை செய்தாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும், மன்னிப்பு என்ற வார்த்தையைத் தொண்டைவரை கொண்டுவந்தேன், குன்சுவின் அங்கியில் நின்றுகொண்டு அதைச் சொன்னால் பாராட்டுப் பத்திரம் வழங்குவது மாதிரி இருக்கும் என்று பட்டது. "என்னைத் தெரியுதா?" என்றாள், ஊசியை எடுத்துவிட்டு. "உள்ள உட்கார்ந்திருக்கும்போதே குரல்ல தெரிஞ்சுது." "ம். ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப வருஷமா இருந்தது. பெண்ணும் பிள்ளைதான்னு சொன்னீங்களே, அதை நம்பித்தான் சொன்னீங்களா? இல்லை, நாற்பது ஆகணும்னு சொன்னீங்களா?" என் கை இன்னும் தூக்கியபடியே இருந்தது. "ரெண்டும்" என்றேன். அவள் அதை அங்கியின் மடிப்பைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள், நிற்குமா பிரியுமா என்று. "நடுவில உள்ளவ தேகூ நகரத்துல பேங்க்ல இருக்கா. பெரியவளுக்குக் கடை. மூணாவது என்னோட" என்றாள். "மூணும் நல்லா இருக்குதுங்க. அதனால உங்க மேல கோபம் போயிடுச்சுன்னு நினைக்காதீங்க. அது இருக்கு." "இருக்கட்டும்" என்றேன். "இதுங்க அப்பாவும் வெளியே நிக்கிறார், மூணாவது வரிசை. சளி பிடிச்சவர் மாதிரி உறிஞ்சிக்கிட்டே இருப்பார்" என்றவள், கடைசி ஊசியைக் குத்திவிட்டு எழுந்து, இரண்டடி பின்னால் போய் மேலும் கீழும் பார்த்தாள். "தொப்பிக்குள்ள முடியைச் சொருகச் சொன்னாங்க. சொருகவா?" "வேண்டாம்." "வெளியே தெரியும்." "தெரியட்டும்." அவள் சொருகவில்லை. கையை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

உள்வாசலின் படி உயரமாக இருந்தது, அவ்வளவுதான். தாண்டும்போது ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன். எலிப் புழுக்கையும் பழைய மரமும் கலந்த வாடை, ஊதுவத்திப் புகை, மங்கலில் வரிசையாகக் கறுத்த பலகைகள். இதற்காகவா? நெல் மூட்டை வைக்கிற கிடங்கு இதைவிட வெளிச்சமாக இருக்கும். பன்றித்தலை கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாக இருந்தது. வெளியே ஒருவர் பழைய சீன மொழியில் கட்டளைகளை இழுத்து இழுத்துச் சொன்னார், மண்டியிடு, எழு, வணங்கு, யாருக்கும் அர்த்தம் புரியாத பாஷை, யாராவது முன்னால் செய்வதைப் பார்த்து எல்லாரும் செய்வார்கள். இன்று முன்னால் நிற்பது நான். நான் மண்டியிட்டேன், எனக்குப் பின்னால் நூற்றிருபது ஆண்கள் மண்டியிட்டார்கள், துணி உரசும் சத்தம் முற்றம் முழுக்க ஓடியது, மூன்றாவது வரிசையில் ஒருவர் மூக்கை உறிஞ்சினார். கிண்ணத்தைக் கொடுத்தார்கள். இரண்டு கையாலும் பிடித்தேன், அதனால் விரலில் நகம் வைக்க முடியவில்லை, கண் நிறைந்துவிட்டது. நிறையட்டும். எதிரே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் செத்தவர்கள், அவர்கள் கைக்குட்டை நீட்டப் போவதில்லை. கிண்ணத்தை வைத்தேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை. வாசிப்பவர் தாளை விரித்தார், மை இன்னும் பளபளத்தது. புரியாத வார்த்தைகள் நீளமாகப் போய்க்கொண்டிருந்தன, நடுவில், ஆற்றில் கல் தட்டுப்படுவது மாதிரி, குன்சு பியோன் மால்-சுன். அந்தக் கூட்டத்தில் எல்லாருக்கும் புரிந்தது அது ஒன்றுதான். சமையல்கட்டுப் பக்கம் கத்திச் சத்தம் நின்றது. யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டாள், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்ட சிரிப்பு. கேலியா சந்தோஷமா என்று தெரியவில்லை. எனக்கு அடுத்து இரண்டாவது கிண்ணம் வைக்க வேண்டியவர் பெரியவர் யூ. அவருக்கு முட்டி மடங்கவில்லை. நான் கை கொடுத்தேன், அவர் பிடித்துக்கொண்டார், என் முகத்தைப் பார்க்காமல். அவர் கை எலும்பாக, குளிர்ந்துபோய் இருந்தது, எனக்கு இரக்கம் வந்தது, வந்ததற்கு என் மேலேயே கோபம் வந்தது. கோபம் அப்படியேதான் இருக்கிறது, ஒரு பிடி குறையவில்லை. குறையும் என்று யார் எனக்குச் சொன்னது?

வெளியே வந்ததும் அலுவலகத்து விளம்பரப் பிரிவு ஆள் காமிராவோடு ஓடிவந்தார். மாவட்ட அலுவலகத்தின் மாடிப்படிச் சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டுமாம், இதே அங்கியில் எடுத்தால் பொருத்தமாக இருக்குமாம். அந்தச் சுவரில் எனக்கு முன்னால் இருந்த இருபத்தேழு குன்சுக்கள் மாட்டியிருக்கிறார்கள், தினமும் காலையில் அவர்களைத் தாண்டித்தான் ஏறுகிறேன். வாசல் தூண் பக்கத்தில் என்னை நிறுத்தினார். தொப்பிக்கு வெளியே முடி காற்றில் அலைந்தது. அவர் காமிராவைக் கண்ணில் வைத்தார், இறக்கினார், கனிவாக, "மேடம், கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருந்தா நல்லா இருக்கும்" என்றார்.

"அந்த இருபத்தேழு பேர்ல யாராவது சிரிக்கிறாங்களா?" என்று கேட்டேன்.

அவர் யோசித்துப் பார்த்தார். "இல்லீங்க."

"அப்ப இப்படியே எடுங்க" என்றேன்.